புட்டியில் அடங்காத புளிப்பு

வீட்டிலேயே காக்டெய்ல் கலக்கும் மோகம் மாநகரங்களைத் தாண்டிச் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. உலகம் கொண்டாடும் டெக்கீலா பானமான மார்கரீட்டாவில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது? விட்டுவிட வேண்டியது எது?

சித்திரை வெயில் உச்சியில் நிற்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் தொப்பம்பட்டி ஒன்றியத்துச் சாலையோரப் பெட்டிக்கடை முன்னால் இரண்டு மொபெட்டுகள். தோப்பில் தேங்காய் உரித்துவிட்டு வந்தவர்கள் நிழலில் ஒதுங்குகிறார்கள். கடைக்கார அம்மா எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே அறுத்து மரக்கட்டையில் வைத்து அழுத்துகிறார். சாறு கண்ணாடித் தம்ளரில் விழ, இரண்டு விதைகள் மேலே மிதக்கின்றன. விரல் நுனியால் உப்பு. "அக்கா, உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடுங்க." சோடா நுரைத்துப் பொங்குகிறது. பிழிந்ததற்கும் குடித்ததற்கும் இடையே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடைக்குப் பின்னால் மானாவாரிக் காட்டு வேலியில் ஆனைக்கற்றாழை முள்ளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எலுமிச்சை, உப்பு, கற்றாழை. இந்த மூன்றும்தான் மார்கரீட்டாவின் முதுகெலும்பு. டெக்கீலா என்பது மெக்சிகோவின் நீலக்கற்றாழையிலிருந்து வடிக்கப்படும் மது. அதனுடன் ஆரஞ்சு மணமுள்ள டிரிபிள் செக் என்ற இனிப்பு மதுவையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்து, பனிக்கட்டியோடு குலுக்கி, விளிம்பில் உப்புத் தடவிய கோப்பையில் ஊற்றினால் மார்கரீட்டா. ஊரிலிருந்து பெங்களூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அங்கே பழகிய இந்தப் பெயரையும் கொண்டுவருகிறார்கள். கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளி வழிகாட்டுகிறது. காணொளிகளில் பாதி, 'மார்கரீட்டா மிக்ஸ்' என்று ஒரு புட்டியை வாங்கச் சொல்கின்றன. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பானத்தின் தரத்தைத் தீர்மானிப்பது மதுவைவிட எலுமிச்சைதான். அந்த எலுமிச்சை நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கும்போது புட்டிச் சாற்றுக்குக் காசு கொடுப்பது வீண் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மதுவைத் தொடாத வீடுகளுக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும்.

அங்கிருந்து வந்தது, இங்கிருந்து போனது

ஆனைக்கற்றாழை மெக்சிகோச் செடி. ஐரோப்பியர் வழியாக இந்தியா வந்து, வேலியாகவும் நாருக்காகவும் நடப்பட்டு, தக்காண மேட்டு நிலமெங்கும் பரவியது. எலுமிச்சையின் பயணம் இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. ஆசியப் பழமான அது அரபு வணிகர் கையில் மேற்கே போய், ஸ்பானியர் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து மெக்சிகோவை அடைந்தது. மெக்சிகோ வீடுகளில் இன்றும் பிழியப்படும் சிறிய, விதையுள்ள, மெல்லிய தோல் பழமும் நம் சந்தையில் விற்கும் நாட்டு எலுமிச்சையும் தாவரவியல்படி ஒரே இனம். அமெரிக்க மதுக்கூடங்களில் புழங்குவதோ பெரும்பாலும் விதையில்லாத, தடித்த தோலுள்ள பாரசீக எலுமிச்சை. மணத்தில் அது ஒரு படி கீழே. ஆக, மார்கரீட்டாவுக்குரிய அசல் பழம் நியூயார்க்கில் கிடைப்பதைவிட ஒட்டன்சத்திரம் சந்தையில் சுலபமாகக் கிடைக்கும். காணொளி பார்த்து, "நம்ம ஊர்ல லைம் கிடைக்காது" என்று மலைப்பவர்களுக்கு இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பானத்தை முதலில் கலக்கியவர் யார் என்பதில் பெரிய சண்டை உண்டு. 1938-இல் டிஹுவானா அருகே ஓர் உணவகக்காரர், 1948-இல் அகாபுல்கோவில் விருந்து வைத்த ஒரு செல்வச் சீமாட்டி என்று உரிமை கோருவோர் பலர். இதற்கிடையே 1937-இல் லண்டனில் வெளியான 'கஃபே ராயல்' காக்டெய்ல் நூலிலேயே டெக்கீலா, ஆரஞ்சு மது, எலுமிச்சை என்ற அதே சேர்க்கை 'பிகடார்' என்ற பெயரில் இருக்கிறது. ஆகவே தந்தை யார் என்ற வழக்கைத் தள்ளுபடி செய்துவிடலாம். 1953 டிசம்பரில் அமெரிக்காவின் 'எஸ்கொயர்' இதழ் செய்முறையை வெளியிட்ட பிறகு பானம் பரவியது. அதன் பின் நடந்ததுதான் நமக்குப் பாடம்.

┌ பெட்டிச் செய்தி: கற்றாழை மூன்று ┐

*சோற்றுக்கற்றாழை*: தலைக்கும் தோலுக்கும் பயன்படுத்தும் சதைப்பற்றுச் செடி. டெக்கீலாவோடு எந்தத் தொடர்பும் இல்லை.

*ஆனைக்கற்றாழை*: நம் வேலிச் செடி. பல ஆண்டுகள் காத்திருந்து, கம்பம்போல் ஒரே முறை பூத்து மடியும். இதன் பச்சைச் சாறு தோலில் பட்டாலே அரிக்கும். ஊசி வடிவ ஆக்ஸலேட் படிகங்களே காரணம். வாயில் வைக்கக் கூடாது.

*நீலக்கற்றாழை*: டெக்கீலாவுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே கற்றாழை இதுதான். மடல்களை வெட்டியெறிந்து, அன்னாசி வடிவ நடுத்தண்டை வேகவைத்தால்தான் அதிலுள்ள இனுலின் வகைச் சேமிப்புப் பொருள் சர்க்கரையாகும். பயிர் முற்ற ஏழெட்டு ஆண்டுகள். ஹலிஸ்கோ மாநிலத்திலும் இன்னும் நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் வடித்தால் மட்டுமே 'டெக்கீலா' என்ற பெயர். 1974 முதல் மெக்சிகோ அதற்குச் சட்டக் காப்பு வைத்திருக்கிறது.

இயந்திரம் வந்தது, பழம் போனது

1971-இல் டல்லஸ் நகர உணவக உரிமையாளர் மரியானோ மார்ட்டினெஸ் ஒரு சிக்கலில் இருந்தார். வாடிக்கையாளர் கூட்டம் அலைமோத, பணியாளர்களால் எலுமிச்சை அறுத்து மாளவில்லை. கலவையும் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒவ்வொரு மாதிரி. மென்பனிக்கூழ் தயாரிக்கும் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து, கலவையை மொத்தமாக ஊற்றி, விசையைத் திருகினால் உறைந்த மார்கரீட்டா வழியும்படி செய்தார். அந்த இயந்திரம் இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வணிகமாகப் பார்த்தால் அபாரமான யோசனை. ஆனால் இயந்திரத்துக்கு ஏற்ற, கெடாத, எப்போதும் ஒரே சுவையுள்ள புளிப்புக் கலவை நாடெங்கும் தேவைப்பட்டது. புட்டிக்காரர்கள் சிட்ரிக் அமிலம், சர்க்கரைப் பாகு, பச்சை நிறம் ஆகியவற்றைக் கொண்டு அதைத் தயாரித்தார்கள். கடுங்குளிர் நாக்கை மரக்கச் செய்யும், மரத்த நாக்குக்கு இனிப்பைக் கூட்ட வேண்டும், கூட்டினார்கள். ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் மார்கரீட்டா என்றாலே பச்சைச் சர்க்கரைத் தண்ணீர் என்று எண்ணும் நிலை வந்தது. சான் பிரான்சிஸ்கோவின் 'டாமிஸ்' உணவகத்தில் ஹூலியோ பெர்மெஹோ போன்றவர்கள் கலவைப் புட்டியை ஒதுக்கி, ஆரஞ்சு மதுவையும் விலக்கி, அன்றன்று பிழிந்த சாறு, கற்றாழைப் பாகு, நல்ல டெக்கீலா என்று திரும்பிய பிறகே பானத்துக்கு மானம் திரும்பியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புட்டிச் சாற்றுக்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. 1867-இல் ஸ்காட்லாந்தின் லாக்லன் ரோஸ், மது சேர்க்காமல் சர்க்கரையால் எலுமிச்சைச் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு தரவேண்டும் என்று சட்டம் வந்தது. மாதக்கணக்கில் கரை காணாத கப்பலில் பழத்துக்கு எங்கே போவது? புட்டி அங்கே தேவை. பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கும் சமையலறைக்கு அந்தத் தேவை கிடையாது. கப்பல்காரர் ஏற்பாட்டைக் கரையில் வாழ்கிறவர்கள் பெருமையாகக் கடைப்பிடிப்பது வேடிக்கைதான்.

பிழிந்த சாறு ஏன் உயர்ந்தது என்பதற்குப் பழங்கதை தேவையில்லை, காரணம் எளிது. எலுமிச்சையின் புளிப்பு சாற்றில் இருக்கிறது, மணமோ பெரும்பாலும் தோலில். பழத்தை அழுத்தும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் உடைந்து, அந்த வாசனைத் துளிகள் சாற்றோடு கலக்கின்றன. காற்றுப் பட்டால் அவை மாறத் தொடங்கும். காலையில் பிழிந்தது இரவில் மந்தமாகிவிடும். சூடாக்கினால் பறந்தே போகும். புட்டியில் அடைப்பதற்குச் சூடாக்க வேண்டும், அல்லது கெடாமலிருக்க சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் போன்றவற்றைச் சேர்க்க வேண்டும். லேபிளில் 211, 224 என்று எண்களாக இருப்பவை இவைதாம். அளவுக்குள் சேர்த்தால் இவற்றால் ஆபத்து என்று சொல்ல முடியாது. பயமுறுத்துவது நம் நோக்கமும் இல்லை. ஆனால் புட்டியில் மிஞ்சுவது புளிப்பு மட்டும். மணம் போன பிறகு அதை எலுமிச்சை என்று அழைப்பது மரியாதைக்காகத்தான்.

உப்பு விஷயத்தில் பெட்டிக்கடை அக்காவும் மெக்சிகோக்காரரும் ஒரே கட்சி. உப்பு புளிப்போடு சேர்வது பழக்கத்தால் மட்டும் வந்ததில்லை. கசப்பை அமுக்கி மற்றச் சுவைகளை மேலே கொண்டுவரும் வேலையை உப்பு செய்கிறது என்பதை பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். டெக்கீலாவிலும் எலுமிச்சைத் தோலிலும் கசப்பு இருக்கிறது. விளிம்பு உப்பு அதைத் தணிக்கிறது. இதற்கென்று விற்கும் விலையுயர்ந்த 'மார்கரீட்டா சால்ட்' டப்பா வேண்டாம். தூத்துக்குடிக் கல்லுப்பை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொண்டால் போதும். மாவுபோல் அரைத்த மேசை உப்பு விளிம்பில் அப்பிக்கொண்டு வாயைக் கரிக்கவைக்கும்.

┌ பெட்டிச் செய்தி: அளவும் பக்குவமும் ┐

சர்வதேச மதுக்கலவையாளர் சங்கம் தரும் அளவு: டெக்கீலா 50 மி.லி., டிரிபிள் செக் 20 மி.லி., புதிதாகப் பிழிந்த எலுமிச்சைச் சாறு 15 மி.லி.

நாட்டுப் பழம் சிறியது; 15 மி.லி.க்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பழம் ஆகும். தரையில் வைத்து உள்ளங்கையால் உருட்டிவிட்டுப் பிழியுங்கள். தோலை முறுக்கிக் கசக்கினால் கசக்கும். விதை நசுங்கக் கூடாது. டீ வடிகட்டியில் வடித்துவிடுங்கள். ஷேக்கர் இல்லையென்றால் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா போதும். பித்தளையும் அலுமினியமும் புளிப்புக்கு ஆகாது. பெரிய பனிக்கட்டிகளாகப் போட்டு, டப்பாவின் வெளிப்புறம் வியர்க்கும்வரை குலுக்குங்கள்.

*மது இல்லாமல்:* எலுமிச்சைச் சாறு 15 மி.லி., கமலா ஆரஞ்சுச் சாறு 30 மி.லி., நன்னாரிப் பாகு 10 மி.லி., துருவிய ஆரஞ்சுத் தோல் ஒரு சிட்டிகை. பனிக்கட்டியோடு குலுக்கி, உப்பு விளிம்புக் கோப்பையில் ஊற்றி, மேலே சோடா. கற்றாழை மதுவின் மண்வாசத்துக்கு நெருங்கிவரும் பொருள் நம் பக்கத்தில் நன்னாரி வேர்தான்.

"குடியைக் கற்றுக்கொடுக்கிறீர்களா?"

முதல் ஆட்சேபம் இதுவாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். 1937-இல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிய மண் இது. 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறை மது விற்கும் மண்ணும் இதுதான். குவார்ட்டர் பாட்டிலும் தண்ணீர் பாக்கெட்டுமாகக் குடும்பங்கள் கரைவதைக் கண்முன் பார்க்கும் வாசகரிடம் காக்டெய்ல் அழகு பேசுவது கூச்சமான காரியம். அதனால் கணக்கை மறைக்காமல் வைக்கிறேன். மேலே சொன்ன அளவில் ஒரு மார்கரீட்டாவில் இருக்கும் தூய மது சுமார் 22 கிராம். 60 மி.லி. பிராந்தியில் இருப்பது சுமார் 20. ஐந்து சதவீத பீர் 650 மி.லி. புட்டியில் ஏறத்தாழ 26. அதாவது அழகான கோப்பை, உப்பு விளிம்பு, எலுமிச்சை வளையம் எல்லாம் சேர்ந்து இரண்டு சின்னப் பெக்கை ஒரு பெக்போல் காட்டுகின்றன. புளிப்பும் இனிப்பும் மதுவின் காரத்தை மறைப்பதால் கை வேகமாகப் போகும். நாகரிகக் குடி பாதுகாப்பான குடி என்ற எண்ணம் தவறு. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க ஒரு காரணமும் இல்லை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே சட்டமும் இடம் தராது.

அப்படியானால் எதற்கு இந்தப் பேச்சு? பானத்தைப் பிரித்துப் பார்த்தால் விடை தெரியும். 50 மி.லி. டெக்கீலா கடையில் வாங்கும் பொருள். வீட்டில் யாரும் அதை மேம்படுத்த முடியாது. திண்டுக்கல் சுற்றுவட்டார டாஸ்மாக் கடை அலமாரியில் அது இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண். மாநகர எலைட் கடைகளில்தான் தேட வேண்டும், விலையும் கையைக் கடிக்கும். வீட்டின் கைவண்ணம் முழுக்க மிச்சத்தில் இருக்கிறது: எந்தப் பழம், எப்போது பிழிவது, எவ்வளவு இனிப்பு, என்ன உப்பு, எவ்வளவு குளிர்ச்சி. இந்த ஐந்தும் மதுவோடு ஒட்டியவை அல்ல. மதுவைக் கழித்தால் மார்கரீட்டா மார்கரீட்டாவாக இருக்காதே என்பார்கள். சரிதான், இருக்காது. ஆனால் அதில் கற்றுக்கொள்ளத் தக்கது அந்தக் கழித்தலுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. விருந்தினருக்குப் பளபளப்பான 'மொஜிடோ சிரப்'பில் சோடா ஊற்றித் தரும் கல்யாண மண்டபங்களுக்கு இந்தப் பாடம் அவசரமாகத் தேவை.

இன்னொன்றையும் பட்டென்று சொல்லிவிட வேண்டும். வேலியில் கற்றாழை இருக்கிறதே, நாமே வடித்துப் பார்க்கலாமே என்று எவரும் இறங்கக் கூடாது. வீட்டில் மது வடிப்பது குற்றம். முறையற்ற சாராயத்தில் மெத்தனால் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துக் காட்டியது.

புட்டி ஜெயித்தால் யார் தோற்பார்கள்?

புட்டிக்குச் சாதகமான வலுவான வாதம் விலை. 2022 ஏப்ரலில் நாட்டின் பல ஊர்களில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது புட்டிச் சாறு புத்திசாலித்தனமாகவே தெரிந்தது. கோடையில் தேவை ஏறும், வரத்து குறையும், விலை எகிறும். மழைக்காலத்தில் வரத்து பெருகும், தேவை படுத்துவிடும். அப்போது பறிகூலிக்குக்கூடத் தேறாது. வீட்டளவில் இதற்குத் தீர்வு எளிது. மலிவான மாதங்களில் பிழிந்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து எடுத்துவைக்கலாம். மணம் சற்றுக் குறையும். ஆனாலும் கடைப் புட்டிக்கு மேல். நம் பாட்டிமார் செய்த உப்பு எலுமிச்சை ஊறுகாயும் இதே கணக்கில் பிறந்ததுதான்.

வீட்டைத் தாண்டி யோசித்தால் விளைவு பெரிது. எலுமிச்சையின் புளிப்புக்குத் தொழிற்சாலை மாற்று வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சாட்சி இருக்கிறது. உலகத்துக்குத் தேவையான சிட்ரிக் அமிலத்தின் மூலப்பொருளை ஏறத்தாழ முழுவதுமாக இத்தாலி தந்த காலம் உண்டு. சிசிலித் தீவின் எலுமிச்சைத் தோட்டங்கள் அதில் வாழ்ந்தன. 1917-இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க விஞ்ஞானி, சர்க்கரைக் கரைசலில் ஒருவகைக் கரும்பூஞ்சையை வளர்த்தால் அது சிட்ரிக் அமிலத்தைச் சுரக்கும் என்று காட்டினார். 1919-இல் ஃபைசர் நிறுவனம் அதை ஆலையில் தொடங்கியது. அத்தோடு இத்தாலியின் ஆதிக்கம் உடைந்தது. நம் மளிகைக் கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று விற்பது இந்தப் பூஞ்சை அமிலம்தான்; எலுமிச்சைக்கும் அதற்கும் பெயரளவு உறவு. 'லெமன்' என்று அட்டையில் படம் போட்ட பொடியும் சிரப்பும் வாங்கும் ஒவ்வொரு முறையும் பணம் பூஞ்சைத் தொட்டிக்குப் போகிறது, தோட்டத்துக்குப் போவதில்லை.

மறுபக்கமும் உண்டு. பழத்தையே நம்பினால் மரம் படுத்தால் கோப்பையும் படுத்துவிடும். 2014-இல் மெக்சிகோவில் கனமழை, எலுமிச்சை வகை மரங்களை நலியவைக்கும் பச்சையாதல் நோய், மிச்சோவாக்கன் மாநிலக் கடத்தல் கும்பலின் மாமூல் எல்லாம் சேர்ந்து எலுமிச்சை விலையைப் பல மடங்கு ஏற்றின; அமெரிக்க மதுக்கூடங்கள் திண்டாடின. அதே பச்சையாதல் நோய் நமக்கும் அந்நியமில்லை. கீழ்ப்பழனி மலையின் கமலா ஆரஞ்சு பேர்போனதாக இருந்து நலிந்ததில் அந்த நோய்க்குப் பங்குண்டு. ஆனால் இது புட்டிக்குச் சாதகமான வாதம் ஆகாது. நல்ல நாற்றும் நோய்க் கண்காணிப்பும் வேண்டும் என்பதற்கான வாதம்.

வேலியில் நிற்கும் கேள்வி

கற்றாழை பற்றி வறண்ட நிலத்து உழவர் கேட்கக்கூடிய கேள்வி நியாயமானது: தண்ணீர் கேட்காத இந்தச் செடி காசாகுமா? ஆகும் என்று காட்டியவர் உண்டு. டெஸ்மண்ட் நாசரேத் என்பவர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் ஆலை அமைத்து, தக்காணத்து ஆனைக்கற்றாழையிலிருந்து மது வடித்து 2011-இல் கோவாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 'டெக்கீலா' என்று பெயரிட முடியாது. கற்றாழை மது என்றே விற்றார். தமிழ்நாட்டில் இது உடனே நடக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம். 1987 முதல் கள்ளுக்கே தடை நீடிக்கிறது. பனையும் தென்னையும் சூழ்ந்த கொங்குப் பகுதியில் உழவர்கள் கள் இறக்க உரிமை கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். நொதிக்காத நீராவுக்குத்தான் அனுமதி கிடைத்திருக்கிறது. ஊரில் விளையும் கள் குற்றம், ஆலையில் வடித்த பிராந்தி அரசு வருவாய் என்ற இந்த முரணைத் தீர்க்காமல் கற்றாழை மதுவுக்கு உரிமம் கேட்பது வரிசையைத் தாண்டி நிற்பது.

எலுமிச்சைக்கு உரிமம் வேண்டாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 எலுமிச்சை ரகம் பக்கத்து மாவட்டத்திலேயே பிறந்தது. நாற்று நட்ட மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும், சொட்டுநீரில் வளரும். தொப்பம்பட்டிப் பக்கத்தில் தென்னைக்கும் முருங்கைக்கும் கிணற்று நீரைப் பங்கிடுகிறவர்கள் வரப்போரம் பத்து மரம் வைத்தாலும் வீட்டுச் செலவுக்கு ஆகும். அவர்களைத் தயங்கவைப்பது சாகுபடி அல்ல. ஐப்பசியில் மூட்டை மூட்டையாகப் பழம் இறங்கி விலை விழும்போது வாங்க யார் இருக்கிறார்கள் என்பதுதான். ஐஸ் தட்டில் சாறு உறையவைக்க ஏற்ற மாதமும் அந்த ஐப்பசிதான்.